மூக்குப் பாரம்

செங்கல் உடைந்த சத்தம்தான் முதலில்.
அப்புறம் டிரெய்லர் குப்புற விழுந்தது
மூன்று அண்டா, இருநூறு நாற்காலி,
ஐசிப்பிங்கோ கல்யாணத்தின் அத்தனை கரண்டியோடும்.
கட்டைவிரல் தப்பியது.
நகம் தப்பவில்லை.

அன்றோடு செங்கல்லுக்கு ஒரு கும்பிடு.

ஜேகப்ஸ் கடைப் பையன் கேட்டான்:
'ஜாக்கியா? எவ்வளவு பாரத்துக்கு?'
எங்கள் வீட்டில் ஜாக்கி என்றால்
கிரேவில் மைதானத்தில் குதிரைமேல் குந்தியிருப்பவன்.
சனிக்கிழமைதோறும் சிங்காரத்தின் சம்பளத்தை
வாலில் கட்டிக்கொண்டு கடைசியாய் வருபவன்.
பாரம் தெரியாமல் எதையும் கொண்டுவராதே என்று
சிங்காரத்தைக் கட்டியபோது எனக்கு யாரும் சொல்லவில்லை.
அளந்துவிட்டு வருகிறேன் தம்பி என்று திரும்பினேன்.

குளியலறைத் தராசு நூற்றுமுப்பதில் மூச்சை விட்டுவிடும்.
அதனால் ஒரு பலகை.
ஒரு முனை தராசில், மறு முனை கல்லில்,
நட்டநடுவே டிரெய்லரின் மூக்கு.
முள் எழுபத்தொன்றில் நின்றது.
இரட்டித்தால் நூற்று நாற்பத்திரண்டு.
அண்டாக்களைச் சக்கர அச்சுக்கு நேரே தள்ளி
மறுபடி பார்த்தேன்: ஐம்பத்தெட்டு.
ஒரு காசு செலவில்லாமல்
இருபத்தாறு கிலோ இறங்கிவிட்டது.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு ஒரு சறுக்குமரம்.
மேடு பார்த்து நிறுத்தினால் ஓர் உயரம்,
பள்ளம் பார்த்தால் வேறு.
தையல் டேப்பைப் பிடித்துக்கொண்டு
இரண்டு பக்கமும் குனிந்து குனிந்து
காரின் கொக்கியுருண்டைக்கு மேலே
ஒரு சாண் இடம் வேண்டும் என்று எழுதிக்கொண்டேன்,
மின்சார பில்லின் பின்பக்கத்தில்.

கடையில் இரண்டு வகை.
ஒல்லி ரப்பர் சக்கரம், விலை குறைவு.
அகல டயர், காற்றடித்தது, முந்நூறு ராண்ட் கூட.
ஆடிக் கூழுக்கு மாரியம்மன் கோயில் முற்றம்
மழை பெய்தால் எப்படிக் கிடக்கும் என்று நினைத்தேன்.
ஒல்லிச் சக்கரம் அங்கே ஏர் உழும்.
முந்நூறை எண்ணி வைத்தேன், எச்சில் தொட்டு.

துளை போடுமுன்
துடைப்பக் கட்டையை ஜாக்கியாக்கிக் கம்பியில் கட்டி
மடக்கிப் பார்த்தேன்.
இடப்பக்கம் கைப்பிரேக்கை இடித்தது.
வலப்பக்கம் தாராளம்.
பெக்கி வெல்டிங் மெஷினை எடுக்கவில்லை.
'பூச்சு கருகும், துரு குடியேறும், போல்ட்தான்' என்றான்.
மூன்றாவது துளை பாதியில்
தெருவே இருண்டது. லோட் ஷெடிங்.
என் லோட் அங்கேயே நிற்க
ஊர் லோடை இறக்கிவிட்டார்கள்.
போன் வெளிச்சத்தில் டீ குடித்தோம்.
எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும்
பாதித் துளையில் ட்ரில் தானாகவே அலறியது,
யாரோ சுவிட்சை அணைக்க மறந்திருந்தோம்.
யாரோ என்ன, நான்தான்.

'ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப முறுக்கு.
புது நட்டு முதல் நாள் பொய் சொல்லும்.'
பெக்கி கூலியோடு ஒரு டப்பா ஊறுகாயும் வாங்கிப்போனான்.

ஞாயிறு விடியற்காலை நாலரை.
இத்தனை வருடம் இந்த நேரத்துக்குப்
பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டுவேன்.
பனியனோடு பூபாலன் வருவார், முனகிக்கொண்டே.
இன்று கைப்பிடியைச் சுற்றினேன்.
இருபத்தோரு சுற்று.
மூக்கு எழுந்தது, காரைப் பின்னே எடுத்தேன்,
எதிர்ச்சுற்றில் இறக்கினேன். டக்.
சங்கிலி, விளக்கு ஒயர்,
ஜாக்கியை மேலே மடக்கி ஊசி மாட்டினேன்.

திரும்பினால் பூபாலன் நிற்கிறார்.
தட்டாமலே வந்திருக்கிறார்,
இரண்டு கையும் தூக்குவதற்குத் தயாராய்.
மடங்கிக் கிடந்த ஜாக்கியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
ஏற்றாமல் ஓர் அண்டா மூடி மிச்சமிருந்தது.
நீட்டினேன்.
இரு கையாலும் வாங்கி, மெதுவாக, பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

தொங்காட்டுக்கு முன்னால் ஓரம் கட்டி
ஸ்பானரைப் போட்டுப் பார்த்தேன்.
மூன்று நட்டு அசையவில்லை.
நாலாவது கால் சுற்று வாங்கியது.